கார்லி லாயிட்

கார்லி ஆன் லாயிட் (பிறப்பு: சூலை 16, 1982) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த முன்னாள் காற்பந்தாட்ட வீராங்கனை ஆவார். நடுக்கள ஆட்டக்காரராகவும், தமது ஆட்ட வாழ்வின் பிற்பகுதியில் முன்கள ஆட்டக்காரராகவும் விளையாடினார். 2005 முதல் 2021 வரை அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்காக 316 பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்று 134 கோல்களை அடித்தார். 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளிலும் வெற்றிக்கான கோலை அடித்தவர் இவரே. 2015 ஆம் ஆண்டு பெண்கள் உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் முதல் 16 நிமிடங்களுக்குள் மூன்று கோல்களை அடித்து வரலாறு படைத்தார். 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். ஆண், பெண் தேசிய அணிகளுக்குச் சம ஊதியம் கோரி 2016 இல் முறைப்பாடு செய்த ஐந்து வீராங்கனைகளுள் இவரும் ஒருவர்.

தகவல் சுருக்கம்

முழுப்பெயர்: கார்லி ஆன் லாயிட்
பிறந்த நாள்: சூலை 16, 1982
பிறந்த இடம்: டெல்ரான், நியூ செர்சி, ஐக்கிய அமெரிக்கா
ஆடும் நிலை: நடுக்களம், முன்களம்
தேசிய அணியில் சட்டை எண்: 10
பல்கலைக்கழகம்: ரட்கர்சு பல்கலைக்கழகம் (2001–2004)
தேசிய அணி: ஐக்கிய அமெரிக்கா (2005–2021), 316 போட்டிகள், 134 கோல்கள்

இளமைக் காலம்

லாயிட் நியூ செர்சி மாநிலத்தின் டெல்ரான் என்னும் சிற்றூரில் பிறந்து வளர்ந்தார். டெலவேர் ஆறும் ரான்கோகசு ஓடையும் கூடும் இடத்தில் அமைந்திருப்பதால், அவ்விரண்டின் பெயர்களையும் இணைத்து இவ்வூருக்கு டெல்ரான் எனப் பெயரிட்டனர். ஆற்றின் மறுகரையில் பிலடெல்பியா நகரம் உள்ளது. அமெரிக்க ஆண்கள் தேசிய அணியின் முன்னாள் தலைவர் பீட்டர் வெர்மசும் இவ்வூரில் வளர்ந்தவரே.

சிறு வயதிலேயே காற்பந்தாட்டத்தில் ஈடுபட்ட லாயிட், டெல்ரான் உயர்நிலைப் பள்ளி அணியிலும் மெட்ஃபோர்ட் இசுட்ரைக்கர்சு என்னும் இளையோர் கழகத்திலும் விளையாடினார். இயல்பாக அமைந்த பந்துத் திறனால், தம்மையொத்த வயதினரிடையே எளிதாக முன்னணியில் நின்றார். இந்த எளிமையே பின்னர் இவருக்கு இடராகவும் அமைந்தது.

பல்கலைக்கழகக் காலம்

ஐக்கிய அமெரிக்காவில் பெண்கள் காற்பந்தாட்டம் வளர்ந்த முறை பிற நாடுகளிலிருந்து வேறுபட்டது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் கழகங்களே ஆட்டக்காரர்களை உருவாக்குகின்றன. அமெரிக்காவில் அப்பணியைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் செய்கின்றன. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1972 இல் அங்கு நிறைவேற்றப்பட்டது. ஒன்பதாம் தலைப்பு என அறியப்படும் இச்சட்டத்தின் பின்னர், பெண்கள் அணிகளுக்கும் விளையாட்டு உதவித்தொகைகளுக்கும் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. லாயிட்டின் தலைமுறை முழுவதும் இவ்வழியாக வந்ததே.

2001 இல் லாயிட் தமது சொந்த மாநிலத்தில் உள்ள ரட்கர்சு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு நான்கு பருவங்களில் 50 கோல்களை அடித்தார். இது அப்போது அப்பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் சாதனையாக இருந்தது. நான்கு ஆண்டுகளும் பிக் ஈசுட்டு கூட்டமைப்பின் முதன்மை அணிக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

நீக்கமும் மீட்சியும்

2003 இல் 21 வயதிற்குட்பட்டோருக்கான அமெரிக்க அணியிலிருந்து லாயிட் நீக்கப்பட்டார். பந்துத் திறனில் குறையில்லை எனினும் உடல் தகுதியும் உழைப்பும் தற்காப்பில் அக்கறையும் போதவில்லை என்பதே அப்போதைய பயிற்சியாளர் கிறிசு பெட்ருசெல்லியின் மதிப்பீடு. தேசிய அணிக் கனவைக் கைவிட்டு, பல்கலைக்கழகப் படிப்புடன் ஆட்டத்தை நிறுத்திவிடும் எண்ணம் அப்போது தமக்கு இருந்ததாக லாயிட் பின்னாளில் எழுதியுள்ளார்.

இந்நிலையில் ஆத்திரேலியாவிலிருந்து வந்து நியூ செர்சியில் பயிற்சிக் கழகம் நடத்திவந்த சேம்சு கலானிசு என்பவரிடம் லாயிட் பயிற்சிக்குச் சேர்ந்தார். பந்து நுட்பம், ஆட்ட உத்தி பற்றிய அறிவு, உடல் வலிமை, மன உறுதி, நல்லொழுக்கம் என ஐந்து தூண்களின் மீதே ஓர் ஆட்டக்காரர் நிற்கிறார் என்பது கலானிசின் கொள்கை. இவற்றுள் முதல் இரண்டு மட்டுமே லாயிட்டிடம் இருப்பதாகவும் ஏனைய மூன்றும் இல்லை எனவும் அவர் கண்டார். கட்டணம் எதுவும் பெறாமல் பயிற்சியளிக்க ஒப்புக்கொண்ட அவர், அதற்கு ஈடாக முழுமையான உழைப்பைக் கோரினார். விடுமுறை நாட்களிலும் தனியே ஓடுதல், இரு கால்களாலும் தொலைவிலிருந்து பந்தை உதைத்தல், குறுகிய இடத்தில் பந்தைக் கட்டுப்படுத்துதல் என இப்பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. இக்கூட்டுறவு 2020 வரை நீடித்தது.

பன்னாட்டுப் போட்டிகள்

தொடக்க ஆண்டுகள் (2005–2007)

சூலை 10, 2005 அன்று போர்ட்லண்டு நகரில் உக்ரைன் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் லாயிட் முதன்முறையாகத் தேசிய அணிக்கு விளையாடினார். முதல் கோலை அக்டோபர் 1, 2006 அன்று சீனத் தாய்ப்பே அணிக்கு எதிராக அடித்தார். 2007 இல் போர்த்துகலில் நடைபெற்ற அல்கார்வே கோப்பைத் தொடரில் நான்கு கோல்களை அடித்து, அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு சீனாவில் நடந்த உலகக்கோப்பையே இவருக்கு முதல் உலகக்கோப்பை ஆகும். அமெரிக்க அணி அரையிறுதியில் பிரேசிலிடம் 0–4 எனத் தோற்று, பின்னர் நோர்வேயை வென்று மூன்றாம் இடத்தைப் பெற்றது.

2008 பெய்சிங் ஒலிம்பிக்

2008 ஒலிம்பிக் போட்டிக்கு முந்தைய கடைசி நட்புமுறை ஆட்டத்தில், அணியின் முதன்மைக் கோலடிப்பவரான அபி வாம்பக்கின் கால் முறிந்தது. அதனால் அமெரிக்க அணி வலுவிழந்ததாகவே கருதப்பட்டது. முதல் ஆட்டத்தில் நோர்வேயிடம் 0–2 எனத் தோற்றது இக்கருத்தை வலுப்படுத்தியது. அடுத்து சப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் லாயிட் அடித்த ஒரே கோலால் அமெரிக்கா வென்று மீண்டது.

ஆகஸ்ட் 21, 2008 அன்று நடந்த இறுதிப் போட்டியில் அமெரிக்காவும் பிரேசிலும் மோதின. மார்த்தா, கிறிசுடியானே ஆகியோரைக் கொண்ட பிரேசில் அணி ஆட்டத்தின் பெரும்பகுதியில் மேலோங்கி இருந்தது. கோல் காப்பாளர் ஓப் சோலோவின் தடுப்புகளால் வழமையான நேரம் கோலின்றி முடிந்தது. கூடுதல் நேரத்தில், 96 ஆவது நிமிடத்தில், தண்டப் பரப்புக்கு வெளியிலிருந்து லாயிட் இடக்காலால் உதைத்த பந்து கோலுக்குள் சென்றது. அமெரிக்கா 1–0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அவ்வாண்டின் சிறந்த வீராங்கனையாக அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பு லாயிட்டைத் தெரிவு செய்தது.

2011 உலகக்கோப்பை

செருமனியில் நடைபெற்ற 2011 உலகக்கோப்பையில், முதற்சுற்றில் கொலம்பியாவுக்கு எதிராக லாயிட் ஒரு கோல் அடித்தார். காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராக அமெரிக்கா ஓர் ஆட்டக்காரர் குறைவாக ஆடி, 1–2 எனப் பின்தங்கியிருந்தது. 122 ஆவது நிமிடத்தில் லாயிட் இடப்புறம் அனுப்பிய பந்தை மேகன் ரப்பினோ நெடுந்தொலைவு உதைக்க, வாம்பக் அதைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். பின்னர் சமன்நீக்கித் தண்ட உதைகளில் அமெரிக்கா வென்றது. அதில் லாயிட்டும் தமது உதையைக் கோலாக்கினார்.

சூலை 17 அன்று பிராங்க்பர்ட்டில் நடந்த இறுதிப் போட்டியில் எதிரணி சப்பான். அவ்வாண்டு மார்ச்சில் நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் பேரழிவைச் சந்தித்திருந்த நாடு அது. இருமுறை பின்தங்கியும் சப்பான் 2–2 எனச் சமன் செய்தது. தண்ட உதைகளில் லாயிட் உதைத்த பந்து கோல் கம்பத்திற்கு மேலே சென்றது. அமெரிக்கா 1–3 எனத் தோற்க, சப்பான் முதன்முறையாக உலகக்கோப்பையை வென்றது. இத்தோல்வி லாயிட்டின் பிற்கால ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முக்கியமானது. அடுத்த நான்கு ஆண்டுகளில் இரு பெரும் இறுதிப் போட்டிகளில் இவர் மீண்டும் சப்பானைச் சந்தித்தார்.

2012 இலண்டன் ஒலிம்பிக்

2012 ஒலிம்பிக்கிற்குச் சற்று முன்னர், தொடக்க அணியில் லாயிட்டுக்கு இடமில்லை எனப் பயிற்சியாளர் பியா சுந்தாகே முடிவு செய்தார். பிரான்சுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 17 ஆவது நிமிடத்தில் நடுக்கள வீராங்கனை சானன் பாக்சு காயமடைந்து வெளியேற, லாயிட் களமிறக்கப்பட்டார். அப்போது அமெரிக்கா 0–2 எனப் பின்தங்கியிருந்தது. லாயிட் தொலைவிலிருந்து அடித்த கோல் அமெரிக்காவை 3–2 என முன்னிலைக்குக் கொண்டு சென்றது. ஆட்டம் 4–2 என முடிந்தது. அதன் பின் தொடர் முழுவதும் இவர் தொடக்க அணியில் இடம்பெற்றார்.

ஆகஸ்ட் 9 அன்று வெம்பிளி அரங்கில் 80,203 பார்வையாளர் முன்னிலையில் இறுதிப் போட்டி நடந்தது. 8 ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி ஒரு கோலும், 54 ஆவது நிமிடத்தில் நடுக்களத்திலிருந்து பந்தை ஓட்டிச் சென்று தண்டப் பரப்புக்கு வெளியிலிருந்து ஒரு கோலும் லாயிட் அடித்தார். அமெரிக்கா சப்பானை 2–1 என வென்றது. இதன்மூலம் அடுத்தடுத்த இரு ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளில் வெற்றிக்கான கோலை அடித்த முதல் ஆட்டக்காரர் என்ற பெருமையை லாயிட் பெற்றார்.

2015 உலகக்கோப்பை

அமெரிக்கப் பெண்கள் அணி 1991, 1999 ஆண்டுகளில் உலகக்கோப்பையை வென்றிருந்தது. அதன்பின் 16 ஆண்டுகளாகக் கோப்பை கைகூடவில்லை. கனடாவில் நடந்த 2015 உலகக்கோப்பையின் முதற்சுற்றில் அணி தோல்வியின்றி முன்னேறியபோதும் ஆட்டம் மந்தமாக இருந்ததாகக் குறை கூறப்பட்டது. லாயிட் தற்காப்புப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்ததால், கோலுக்கு அருகே செல்ல இவருக்கு வாய்ப்புகள் குறைவாகவே கிடைத்தன.

இரண்டாம் சுற்றில் கொலம்பியாவுக்கு எதிராக லாயிட் தண்ட உதை மூலம் ஒரு கோல் அடித்தார். ஆனால் அவ்வாட்டத்தில் பெற்ற மஞ்சள் அட்டைகளால் லாரன் ஆலிடே, ரப்பினோ ஆகிய இருவரும் காலிறுதியில் ஆட முடியாது போயிற்று. பயிற்சியாளர் சில் எல்லிசு அணியின் அமைப்பை மாற்றினார். இளம் வீராங்கனை மோர்கன் பிரையன் நடுக்களத்தின் பின்பகுதியைக் காக்க, லாயிட் முன்னோக்கிச் செல்ல விடப்பட்டார். இம்மாற்றமே தொடரின் திருப்புமுனை ஆயிற்று. சீனாவுக்கு எதிரான காலிறுதியில் லாயிட் தலையால் முட்டி அடித்த கோலால் அமெரிக்கா 1–0 என வென்றது. செருமனிக்கு எதிரான அரையிறுதியில் தண்ட உதையைக் கோலாக்கியதுடன், கெல்லி ஓ'ஆரா அடித்த இரண்டாவது கோலுக்கும் பந்தை வழங்கினார்.

சூலை 5, 2015 அன்று வான்கூவரில் நடந்த இறுதிப் போட்டியில் மீண்டும் சப்பான் எதிரணியாக அமைந்தது. கோல்கள் பின்வருமாறு அமைந்தன:

3 ஆவது நிமிடம்: ரப்பினோ தரையோடு அனுப்பிய மூலை உதையை, தண்டப் பரப்பின் விளிம்பிலிருந்து ஓடிவந்து லாயிட் கோலாக்கினார். உயரமான பந்தை எதிர்பார்த்திருந்த சப்பானியத் தற்காப்பு இதனை எதிர்கொள்ள முடியவில்லை.

5 ஆவது நிமிடம்: ஆலிடேயின் தனி உதை கோல் முகப்பில் திரும்பி வர, லாயிட் அதனைக் கோலுக்குள் தள்ளினார்.

14 ஆவது நிமிடம்: ஆலிடே மூன்றாவது கோலை அடித்தார்.

16 ஆவது நிமிடம்: நடுக்கோட்டருகே பந்தைப் பெற்ற லாயிட், கோல் காப்பாளர் அயுமி கைகோரி முன்னேறி நிற்பதைக் கண்டு அங்கிருந்தே கோலை நோக்கி உதைத்தார். பின்னோக்கி ஓடிய கைகோரியின் கையில் பட்ட பந்து, கம்பத்தில் மோதி உள்ளே சென்றது.

அமெரிக்கா 5–2 என வென்று மூன்றாம் முறையாக உலகக்கோப்பையைக் கைப்பற்றியது. பெண்கள் உலகக்கோப்பை இறுதிப் போட்டி ஒன்றில் மூன்று கோல்களை அடித்த முதல் ஆட்டக்காரர் லாயிட் ஆவார். ஆண்கள் உலகக்கோப்பையில் அதுவரை இங்கிலாந்தின் செஃப் அர்சுட் மட்டுமே (1966) இவ்வாறு அடித்திருந்தார். பின்னர் 2022 இல் பிரான்சின் கிலியன் எம்பாப்பே இவ்வரிசையில் இணைந்தார். தொடரில் ஆறு கோல்கள் அடித்த லாயிட்டுக்குச் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது வழங்கப்பட்டது. செருமனியின் செலியா சாசிக்கும் ஆறு கோல்கள் அடித்திருந்தார். குறைந்த நேரம் ஆடியதன் அடிப்படையில் தங்கக் காலணி அவருக்கும் வெள்ளிக் காலணி லாயிட்டுக்கும் சென்றன.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்விறுதிப் போட்டியை ஆங்கிலத் தொலைக்காட்சியில் 2.5 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். அந்நாட்டில் அதுவரை எந்தக் காற்பந்தாட்டப் போட்டியும், ஆண்கள் போட்டி உட்பட, இவ்வளவு பார்வையாளர்களைப் பெற்றதில்லை.

2016 – 2019

2016 இரியோ டி செனீரோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்து, பிரான்சு அணிகளுக்கு எதிராக லாயிட் தலா ஒரு கோல் அடித்தார். எனினும் அமெரிக்கா காலிறுதியில் சுவீடனிடம் தண்ட உதைகளில் தோற்று வெளியேறியது. ஏப்ரல் 2018 இல் மெக்சிக்கோவுக்கு எதிராகத் தமது 100 ஆவது பன்னாட்டுக் கோலை அடித்தார்.

2019 இல் பிரான்சில் நடந்த உலகக்கோப்பையின்போது லாயிட்டுக்கு வயது 36. அணித் தலைவர்களுள் ஒருவராக இருந்தபோதும் பெரும்பாலான ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராகவே களமிறக்கப்பட்டார். இந்நிலையைத் தாம் விரும்பவில்லை என்பதை லாயிட் மறைக்கவில்லை. தாய்லாந்துக்கு எதிராக ஒன்றும் சிலிக்கு எதிராக இரண்டும் என மூன்று கோல்கள் அடித்தார். இதனால் 2015 தொடரின் கடைசி நான்கு ஆட்டங்களையும் சேர்த்து, தொடர்ந்து ஆறு பெண்கள் உலகக்கோப்பை ஆட்டங்களில் கோல் அடித்த முதல் வீராங்கனை ஆனார். இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 2–0 என வென்று அமெரிக்கா கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

தோக்கியோ ஒலிம்பிக்கும் ஓய்வும்

கொரோனா பெருந்தொற்றால் தோக்கியோ ஒலிம்பிக் 2021 க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2020 இல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட லாயிட், அதிலிருந்து மீண்டு அணியில் இடம்பிடித்தார். சூன் 2021 இல் யமேக்காவுக்கு எதிரான ஆட்டத்தின் 24 ஆவது நொடியிலேயே கோல் அடித்தார்.

தோக்கியோவில் அமெரிக்கா அரையிறுதியில் கனடாவிடம் 0–1 எனத் தோற்றது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஆத்திரேலியாவை 4–3 என வென்றது. அதில் லாயிட் இரண்டு கோல்கள் அடித்தார். நான்கு ஒலிம்பிக் தொடர்களில் கோல் அடித்த முதல் அமெரிக்கர் என்ற சிறப்பும், ஒலிம்பிக்கில் மொத்தம் பத்துக் கோல்கள் என்ற அமெரிக்கச் சாதனையும் இதனால் இவருக்குக் கிடைத்தன.

ஆகஸ்ட் 16, 2021 அன்று லாயிட் தமது ஓய்வை அறிவித்தார். செப்டம்பரில் பராகுவைக்கு எதிரான ஆட்டத்தில் 39 வயதில் ஐந்து கோல்கள் அடித்தார். அக்டோபர் 26 அன்று மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் தென் கொரியாவுக்கு எதிராகத் தமது கடைசிப் பன்னாட்டு ஆட்டத்தை ஆடினார். 65 ஆவது நிமிடத்தில் களத்திலிருந்து வெளியேறும்போது காலணிகளைக் கழற்றி வைத்தார். மேற்சட்டையையும் கழற்ற, உள்ளே அணிந்திருந்த சட்டையில் கணவரின் குடும்பப் பெயரான ஓலின்சு என்பது பொறிக்கப்பட்டிருந்தது.

கழக ஆட்டங்கள்

லாயிட் அடிக்கடி கழகம் மாறியமைக்கு, அமெரிக்கப் பெண்கள் கூட்டிணைவுகள் நிலைத்து நிற்காமையும் ஒரு காரணம். 2001 இல் தொடங்கிய முதல் தொழில்முறைக் கூட்டிணைவு மூன்று பருவங்களில், 2003 இல், நிதிப் பற்றாக்குறையால் மூடப்பட்டது. லாயிட் பட்டப்படிப்பை முடித்தபோது, அந்நாட்டில் பெண்களுக்கு முழுமையான தொழில்முறைக் கூட்டிணைவே இல்லை. 2009 இல் தொடங்கிய இரண்டாவது கூட்டிணைவும் மூன்று பருவங்களோடு நின்றது. 2013 இல் தொடங்கிய தேசியப் பெண்கள் காற்பந்துக் கூட்டிணைவே நிலைபெற்றது.

லாயிட் விளையாடிய கழகங்கள்:

சிக்காகோ இரெட் இசுடார்சு (2009)
இசுக்கை புளூ (2010)
அட்லாண்டா பீட் (2011)
வெசுட்டர்ன் நியூ யார்க் பிளாசு (2013–2014)
இயூசுட்டன் டாசு (2015–2017)
மான்செசுட்டர் சிட்டி (2017)
இசுக்கை புளூ (2018–2020), காத்தம் எனப் பெயர் மாற்றப்பட்ட அதே கழகம் (2021)

2013 இல் பிளாசு கழகம் கூட்டிணைவுப் பட்டியலில் முதலிடம் பெற்றது, ஆயினும் இறுதிப் போட்டியில் போர்ட்லண்டு தார்ன்சிடம் தோற்றது. 2017 இல் சில மாதங்கள் இங்கிலாந்தின் மான்செசுட்டர் சிட்டி கழகத்துக்கு ஆடினார். வெம்பிளியில் நடந்த இங்கிலாந்துக் கூட்டமைப்புக் கோப்பை இறுதிப் போட்டியில் பர்மிங்காம் சிட்டியை 4–1 என வென்றபோது, லாயிட்டும் ஒரு கோல் அடித்தார்.

ஆட்டப் பாணி

தொலைவிலிருந்து கோலை நோக்கி உதைப்பது லாயிட்டின் தனிச்சிறப்பு. இரு கால்களாலும் வலுவாக உதைக்கவல்லவர் என்பதால், எப்பக்கத்தைத் தடுப்பது என்பதில் எதிரணியினர் தடுமாறினர். தாக்குதல் தொடங்கியபின் நடுக்களத்திலிருந்து தாமதமாக ஓடி வந்து தண்டப் பரப்புக்குள் நுழைவது இவரது வழக்கம். இவ்வாறு நுழைபவரைத் தற்காப்பு வீரர்கள் கவனிப்பது கடினம். 2012, 2015 இறுதிப் போட்டிகளின் முதல் கோல்கள் இவ்வாறு வந்தவையே.

பந்தை எளிதில் இழப்பவர் என்ற விமரிசனமும் இவர்மீது உண்டு. இடர் மிகுந்த பந்துகளை முயல்வதே இதற்குக் காரணம். சுந்தாகே 2012 இல் இவரைத் தொடக்க அணியிலிருந்து நீக்கியதும், எல்லிசு 2015 இல் தற்காப்புப் பொறுப்பிலிருந்து விடுவித்ததும் இதே பண்புக்குக் கிடைத்த இருவேறு எதிர்வினைகள் எனலாம்.

சம ஊதியக் கோரிக்கை

மார்ச் 2016 இல் லாயிட், ஓப் சோலோ, அலெக்சு மோர்கன், மேகன் ரப்பினோ, பெக்கி சாவர்பிரன் ஆகிய ஐவரும், ஐக்கிய அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் அந்நாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்புக்கு எதிராக முறைப்பாடு செய்தனர். ஆண்கள் அணியின் அதே பணியைச் செய்யும் தமக்குக் குறைவான ஊதியம் வழங்கப்படுகிறது என்பது இவர்களின் வாதம். 2014 இல் ஆண்கள் உலகக்கோப்பையில் இரண்டாம் சுற்றோடு வெளியேறிய அணிக்கு பிஃபா வழங்கிய பரிசுத் தொகை 90 இலட்சம் டாலர். 2015 இல் கோப்பையை வென்ற பெண்கள் அணிக்குக் கிடைத்தது 20 இலட்சம் டாலர். ஆனால் வழக்கு பிஃபாவின் பரிசுத் தொகையை மட்டும் சார்ந்ததன்று. கூட்டமைப்பு நேரடியாக வழங்கும் ஆட்ட ஊதியம், வெற்றி ஊக்கத்தொகை, பயணப்படி ஆகியவற்றிலும் வேறுபாடு இருப்பதாக வீராங்கனைகள் கூறினர். இக்கோரிக்கையின் காரணங்களை விளக்கி லாயிட் ஏப்ரல் 2016 இல் நியூயார்க் டைம்சு நாளிதழில் கட்டுரை எழுதினார்.

இரு அணிகளும் வெவ்வேறு ஒப்பந்தங்களைப் பேசி ஏற்றுக்கொண்டவை என்பதும், பெண்கள் அணிக்கு நிலையான ஆண்டு ஊதியம் இருந்தது என்பதும் கூட்டமைப்பின் மறுவாதம். ஆண்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மட்டுமே ஊதியம் பெற்றனர்.

மார்ச் 2019 இல் 28 வீராங்கனைகள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வாண்டு உலகக்கோப்பை இறுதிப் போட்டி முடிந்ததும், லியோன் அரங்கில் பார்வையாளர்கள் சம ஊதியம் கோரி முழக்கமிட்டனர். மே 2020 இல் ஊதியம் தொடர்பான கோரிக்கைகளை நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, பெப்ரவரி 2022 இல் 2.4 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. மே 2022 இல் எட்டப்பட்ட புதிய ஒப்பந்தங்களின்படி, இரு அணிகளுக்கும் ஒரே அளவு ஊதியம் என்பதும், உலகக்கோப்பைப் பரிசுத் தொகையை இரு அணிகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் என்பதும் முடிவாயின. முறைப்பாடு செய்த ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இவ்வொப்பந்தத்தின் கீழ், ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்ட லாயிட் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

தனி வாழ்க்கை

நவம்பர் 2016 இல் லாயிட், குழிப்பந்தாட்ட வீரரான பிரையன் ஓலின்சை மெக்சிக்கோவில் திருமணம் செய்துகொண்டார். இவர்களுக்கு அக்டோபர் 2024 இல் ஒரு மகள் பிறந்தார். பெற்றோருடனும் உடன்பிறந்தோருடனும் பல ஆண்டுகள் தொடர்பற்றிருந்த லாயிட், 2020 இல் அவர்களுடன் மீண்டும் இணைந்தார். 2016 இல் வெளியான இவரது தன்வரலாற்று நூல், யாரும் பார்க்காத வேளையில் செய்த பயிற்சியையே தலைப்பாகக் கொண்டது.

ஆகஸ்ட் 2019 இல் பிலடெல்பியா ஈகிள்சு என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சிக் களத்திற்குச் சென்றிருந்தபோது, 55 யார் (ஏறத்தாழ 50 மீட்டர்) தொலைவிலிருந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தார். அக்காணொளி பரவியதை அடுத்து, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த தேசியக் கால்பந்துக் கூட்டிணைவில் பெண் ஒருவர் உதைப்பவராக ஆடலாமா என்ற விவாதம் எழுந்தது.

ஓய்வுக்குப் பின்

ஓய்வுக்குப் பின்னர் லாயிட் தொலைக்காட்சியில் ஆட்ட விமரிசகராகப் பணியாற்றினார். 2023 உலகக்கோப்பையில் போர்த்துகலுடன் கோலின்றிச் சமன் செய்து முதற்சுற்றைக் கடந்த அமெரிக்க அணியைக் கடுமையாக விமரிசித்தார். அதற்கு ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. அடுத்த சுற்றிலேயே அவ்வணி சுவீடனிடம் தோற்று வெளியேறியது. 2022 இல் காத்தம் கழகத்தின் சிறுபங்கு உரிமையாளர்களுள் ஒருவரானார். 2025 இல் அமெரிக்கத் தேசியக் காற்பந்துப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

சாதனைகளும் விருதுகளும்

ஒலிம்பிக் தங்கம்: 2008, 2012
ஒலிம்பிக் வெண்கலம்: 2020 (2021 இல் நடந்தது)
உலகக்கோப்பை வெற்றி: 2015, 2019
உலகக்கோப்பை இரண்டாம் இடம்: 2011
உலகக்கோப்பை மூன்றாம் இடம்: 2007
இங்கிலாந்துக் கூட்டமைப்புக் கோப்பை: 2017 (மான்செசுட்டர் சிட்டி)
உலகக்கோப்பைத் தங்கப் பந்து: 2015
பிஃபாவின் சிறந்த வீராங்கனை: 2015, 2016
அமெரிக்கக் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை: 2008, 2015
உலகக்கோப்பைகளில் மொத்தக் கோல்கள்: 10
ஒலிம்பிக்கில் மொத்தக் கோல்கள்: 10

ஓய்வு பெற்றபோது, அமெரிக்கப் பெண்கள் அணிக்காக அதிகப் போட்டிகளில் ஆடியோர் வரிசையில் கிறிசுட்டின் லில்லிக்கு (354) அடுத்து இரண்டாம் இடத்திலும், அதிகக் கோல்கள் அடித்தோர் வரிசையில் அபி வாம்பக் (184), மியா ஆம் (158) ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடத்திலும் லாயிட் இருந்தார்.